லூசியனின் வைனும் பதினான்கு மூக்குப்பேணிகளும்

போன மாதம் நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் உட்கார வைத்து, ஒரு கிளாஸைக் கையில் தந்து, "அங்கிள், இதிலை என்ன மணக்குது, சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். நான் முகர்ந்து பார்த்துவிட்டு "வைன்" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. எனக்கு வைன்தான் மணந்தது. உங்களில் ஒருத்தி அதே கிளாஸில் ஈரக் கல், பச்சை ஆப்பிள், குதிரைச் சேணம் மூன்றையும் கண்டுபிடித்தாள். லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை குதிரைச் சேணத்தை எங்கே போய் முகர்ந்தாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்றைக்கே நீங்கள் என்னிடம் இன்னொன்றும் கேட்டீர்கள். வைன் இறக்குமதித் தொழிலில் இத்தனை வருடம் நின்று பிடித்த ஆள், புதிதாக வந்த எங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்றீர்கள். தருகிறேன். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது என் குரலில் வாசிக்க வேண்டாம். நீங்கள் அப்படிச் செய்வது எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை. விரதம், கொள்கை ஒன்றுமில்லை. எனக்கு அது பிடிக்காது, தேத்தண்ணிதான் பிடிக்கும். எண்பதுகளின் நடுவில் பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்டை விட்டுவிட்டு வேலை தேடி அலைந்தபோது, தெற்கு லண்டனில் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு வளைவுக்குள் வைன் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "குடிப்பாயா?" என்பதுதான். இல்லை என்றேன். "நாளைக்கே வா, முந்தின டிரைவர் பாதிச் சரக்கைக் குடித்துவிட்டான்" என்றார். அப்படித்தான் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன், வான் ஓட்டுகிறவனாக.

அந்த முதலாளிதான் எனக்கு இந்தத் தொழிலைக் காட்டித் தந்தவர். என் முழுப் பெயர் சிவபாதசுந்தரம். அவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு "சிவா" என்று வைத்துக்கொண்டார். சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள், கதவோரம் அடுக்கியிருந்த வைன் பெட்டிகளைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. வெளியே பனி. மண்ணெண்ணெய் ஹீட்டரை அவற்றுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் பாதிப் போத்தல்களின் தக்கை வெளியே எழும்பி நிற்கிறது. முதலாளி ஒரு போத்தலைத் தூக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சிவா, இவை அகதிகள் இல்லை. இவற்றுக்குக் குளிர் பிடிக்கும்" என்றார். அவ்வளவுதான் ஏச்சு. ஆரிடமும் கேட்காமல் இரக்கப்படக் கூடாது என்பதை நான் அன்றைக்குப் படித்தேன்.

இனி லூசியனின் கதைக்கு வருகிறேன். எனக்கு உண்மையான நெருக்கடி வந்தது அவர் விஷயத்தில்தான்.

லூசியன் பிரான்சில் லுவார் ஆற்றுப் பக்கம் நாலு ஏக்கரில் திராட்சை வைத்திருந்தவர். ஆள் கட்டை, மீசை பெரிது, பேச்சு மிகக் குறைவு. இங்கிலிஸ் ஒரு சொல்லும் தெரியாது. அந்த நாலு ஏக்கரில் அவரும் மனைவியும்தான் எல்லா வேலையும். மாரியில் கொடிகளைக் கத்தரிப்பது, வசந்தத்தில் கம்பியில் கட்டுவது, கோடையில் இலை கிள்ளுவது, பழம் பிடுங்கிப் பிழிந்து போத்தலில் அடைத்து லேபல் ஒட்டுவது வரை. பிறகு தன் பழைய வானில் அந்தப் போத்தல்களை ஏற்றி, கப்பலில் கடல் தாண்டி, வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ரயில் பாலத்தடிக்கு வருவார். ரெஸ்டோரண்ட்காரர்களும் ஹோட்டல்காரர்களும் வந்து சுவைத்துப் பார்ப்பார்கள்.

சுவைப்பது என்றால் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். ஒரு வாய் எடுத்து, கொப்பளித்து, வாளியில் துப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது வைன் பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் விழுங்கினால் மாலையில் வீடு போய்ச் சேரமாட்டார்கள். அது நியாயம்தான். ஆனால் லூசியனின் வைனுக்குக் கூச்ச சுபாவம் என்று முதலாளி சொல்லுவார். வாயில் இருக்கும்போது ஒன்றும் பேசாதாம், விழுங்கிய பிறகுதான் வாயைத் திறக்குமாம். ஆகவே மூன்று வருடமாக எல்லாரும் வந்தார்கள், துப்பினார்கள், போனார்கள். முதலாளி மட்டும் பாசத்தில் கொஞ்சம் வாங்கி வைப்பார்.

நான்காவது வருடம் லூசியன் கடிதம் போட்டார். இதுதான் கடைசி முறை என்று எழுதியிருந்தார். அவருடைய மனைவியின் அண்ணனுக்கு அந்த ஊரில் சுற்றிவரக் காணி. டிராக்டர், பழம் பிடுங்கும் மெஷின் எல்லாம் உண்டு. அந்த மச்சான் லூசியனின் நாலு ஏக்கரையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாங்கியதும் பழைய கொடிகளையெல்லாம் கிண்டி எறிந்துவிட்டு மெஷினுக்குத் தோதாகப் புதிது நடுவாராம். இந்த முறையும் லண்டனில் ஒருவரும் வாங்காவிட்டால், ஊருக்குத் திரும்பிய கையோடு எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று லூசியன் சொல்லியிருந்தார். முதலாளி அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்து மொழிபெயர்த்துவிட்டு, மூக்கைச் சிந்தினார். தடிமனா, அழுகையா என்று நான் கேட்கவில்லை.

தடிமன்தான். சுவைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னே முதலாளியின் குரல் முழுவதாகப் போய்விட்டது. காற்று மட்டும்தான் வந்தது. எங்களிடம் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் அவர்தான். சரக்கு விலை எழுதும் சின்னக் கரும்பலகை ஒன்றைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்க விட்டுக்கொண்டு, சோக்கட்டியால் எழுதி எழுதிப் பேசினார். என்னைப் பார்த்து எழுதினார்: "திங்கட்கிழமை நீதான் பேச வேண்டும். கிளாஸ்களைக் கொண்டுவா. வேறு ஒன்றையும் யோசிக்காதே."

கிளாஸ்கள் என் வீட்டில் இருந்தன. அதற்குக் காரணம் நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் பொங்கல் விழா. நான் காரியதரிசி. பானை, அடுப்பு, வாழைக்குலை எல்லாம் ஏற்றக் கம்பனி வான்தான் என்று நானே முடிவெடுத்து, உள்ளே இருந்த கிளாஸ் பெட்டியை இறக்கி வீட்டு ஹோலில் வைத்திருந்தேன். விழாவில் யாழ்ப்பாணத்துப் பாவனைப் பொருட்கள் என்று ஒரு மேசை போட்டோம். கிழக்கு லண்டனில் குட்மேய்ஸ், மனோர் பார்க் என்று வீடு வீடாகப் போய்ப் பதினான்கு மூக்குப்பேணி சேர்த்து அந்த மேசையில் வைத்தோம்.

இங்கே பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மூக்குப்பேணி என்பது பித்தளையில் செய்த சின்னக் குவளை. ஒரு பக்கத்தில் குருவிச் சொண்டு அளவில் ஒரு மூக்கு இருக்கும். தலையை அண்ணாந்து, நாலு விரல் உயரத்தில் பேணியைப் பிடித்து, அந்த மூக்கு வழியாக வாய்க்குள் ஊற்ற வேண்டும். உதடு படாது. ஒரே பேணியில் பத்துப் பேர் குடித்தாலும் ஒருவருடைய எச்சில் மற்றவருக்குப் போகாது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வளைவுக்குள் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். லூசியன் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கென்று வைத்திருந்த கோட்டைப் போட்டுக்கொண்டு, தன் போத்தல்களுக்குப் பின்னால் நேராக நின்றார். நான் வானிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துத் திறந்தேன். உள்ளே பதினான்கு மூக்குப்பேணி பளபளவென்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பின்னறைக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் அடித்தேன். மனைவி எடுத்தாள்.

"சரசு, கிளாஸ் பெட்டி எங்கை?"

"ஹோலுக்கை கிடக்குது. இப்பத்தான் அதிலை தட்டுப்பட்டு விழப் பாத்தனான்."

"அப்ப என்னட்டை இருக்கிறது?"

"மூக்குப்பேணிப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனனீங்கள்? நல்ல கதை. கவனம், அதிலை ஆறு கனகம் அக்காவின்ரை. சீதனத்தோடை வந்தது எண்டு நேற்று முழுக்கச் சொல்லிக்கொண்டு நிண்டவ."

"ஓம், ஓம்."

"திருப்பிக் குடுக்கிறதுக்கு முதல் எல்லாத்தையும் புளி போட்டு மினுக்கி வைச்சனான். துணியாலை துடைச்சதுதான். இன்னும் தண்ணியிலை கழுவேல்லை."

"ஓம், ஓம்."

"நான் சொல்லுறது கேக்குதோ?"

"ஓம், ஓம்" என்று சொல்லிப் போனை வைத்தேன். பிள்ளைகளே, மனைவி சொல்லும்போது இரண்டு தரம் ஓம் சொல்கிறவன் ஒன்றையும் கேட்கவில்லை என்று அர்த்தம். இந்தக் கதையில் வருகிற மற்ற எல்லாப் பிழையையும் நான் பெட்டி மாறியதில் போடலாம். இதை மட்டும் வேறு எதன் மேலும் போட ஏலாது.

வீட்டுக்குப் போய்வர இரண்டு மணித்தியாலம் ஆகும். பக்கத்து மதுக்கடையில் கிளாஸ் கேட்கலாம் என்றால், அதன் முதலாளியிடம் எங்கள் முதலாளி போன கிறிஸ்மஸுக்கு, "உன் கடை வைனில் என் வானைக் கழுவலாம்" என்று சொல்லியிருந்தார். வளைவுக்குள் எங்களுக்கென்று இருந்தவை தேத்தண்ணிக் கோப்பை மூன்று, அதில் ஒன்றுக்குக் காதில்லை. கடுதாசிக் கோப்பை வாங்கி வரட்டா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் லூசியனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அவர் செத்துப் போவார்" என்று எழுதினார்.

நெருக்கடியில் மனிதனுக்குப் புது யோசனை ஒன்றும் வராது. கையில் இருப்பதுதான் யோசனை. நான் பதினான்கு பேணிகளையும் வரிசையாக மேசையில் வைத்தேன். தொண்டையைச் செருமினேன். "இன்றைக்குக் கிளாஸ் இல்லை. பெட்டி மாறி வந்துவிட்டது. இது எங்கள் ஊரில் குடிக்கிற பாத்திரம். எப்படிக் குடிப்பதென்று காட்டுகிறேன்" என்று சொல்லி, ஒரு பேணியில் தண்ணீர் எடுத்து அண்ணாந்து ஊற்றிக் காட்டினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. இரண்டு பேர் கை தட்டினார்கள்.

லூசியன் பித்தளையைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். முதலாளி பலகையில் பிரெஞ்சில் ஏதோ எழுதிக் காட்ட, லூசியன் அதை வாசித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வண்ணத்துப்பூச்சி மாதிரி டை கட்டிய ஒரு தாடிக்காரர் முதலில் வந்தார். லண்டனில் மூன்று ரெஸ்டோரண்டுகளுக்கு வைன் தெரிவு செய்கிறவர். பேணியை உயர்த்தினார், ஊற்றினார், எல்லாம் தாடிக்குள் போனது. அடுத்தவர் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார். இன்னொருவர் சரியாக வாய்க்குள் ஊற்றிவிட்டார். ஆனால் வழக்கப்படி துப்ப வேண்டும் என்று பாதியில் நினைவு வந்து குனிந்தார், வைன் மூக்கால் வந்தது. அண்ணாந்து தொண்டைக்குள் விழுந்ததைத் திரும்பக் குனிந்து வாளியில் துப்புவது சர்க்கஸ்காரனுக்குத்தான் ஏலும். ஆகவே நாலைந்து நிமிடத்தில் எல்லாரும் துப்பும் எண்ணத்தையே விட்டுவிட்டார்கள். விழுங்கினார்கள். ஒருவர் சேர்ட்டை ஒருவர் காட்டிச் சிரித்தார்கள். ஆருக்கு உயரத்திலிருந்து ஊற்ற ஏலும் என்று பந்தயம் பிடித்தார்கள். நான் ஒரு வரிசை முடிய அடுத்த வரிசைக்கு ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பன்னிரண்டு பேரில் முக்கியமானவர் ஒரு பெண்மணி. ஒரு பெரிய ஹோட்டலுக்கு வைன் வாங்குகிறவர். வெள்ளை பிளவுஸ், நரைத்த தலை, தேவையில்லாமல் ஒரு சொல்லும் பேசமாட்டார். அவர் வாங்கினால் மற்றவர்களும் வாங்குவார்கள். அவர் கடைசியாகத்தான் பேணியைக் கையில் எடுத்தார். முதல் தரம் கழுத்துப் பட்டியில் கொஞ்சம் சிந்தியது. இரண்டாம் தரம் கனகம் அக்காவே பார்த்துத் தலையாட்டும்படி ஊற்றினார். கண்ணை மூடி நின்றார். பிறகு கேட்டார்:

"இதில் ஒரு பழம் இருக்கிறது. பழையது. கறுப்பு. புளிப்பு. நான் இதுவரை எந்த வைனிலும் கண்டதில்லை. இது அந்த மண்ணிலிருந்து வருகிறதா?"

தாடிக்காரர் உடனே ஊற்றிப் பார்த்து, "ஓம், எனக்கும் தெரிகிறது, என்ன பழமென்று பெயர்தான் வரவில்லை" என்றார். எல்லாரும் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினார்கள். முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. காலால் நிலத்தைத் தட்டித் தட்டி, மண், மண் என்று சைகை காட்டினார்.

"இருப்பது முழுவதையும் நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார் அந்த அம்மா.

அப்போதுதான் சரசு போனில் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. ஒரு மணித்தியாலம் பிந்தி விழுந்தது. ஒரு பேணியை எடுத்து முகர்ந்தேன். பிள்ளைகளே, என் வாழ்நாளில் நான் சரியாகக் கண்டுபிடித்த ஒரே மணம் அதுதான். பழப்புளி.

முதலாளியை மூலைக்கு இழுத்துப் போய்க் காதில் சொன்னேன். அவர் பலகையைத் துடைத்துவிட்டு எழுதினார்: "வாயை மூடு." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்: "தயவுசெய்து."

அவரைப் பிழை சொல்ல மாட்டேன். லூசியனின் காணி தப்ப வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். எனக்கும் அதுதான். ஆனால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த அம்மா அவ்வளவையும் வாங்கிக்கொண்டு போய் ஹோட்டலில் போத்தலைத் திறப்பார். புளி இருக்காது. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவார். அதோடு லூசியனின் பெயரும் போகும், காணியும் போகும். இதை விட இன்னொன்று என் மனதில் உறுத்தியது. ஒரு மனிதன் வருடம் முழுக்கக் குனிந்த முதுகோடு உழைத்து எடுத்த வைனை விட்டுவிட்டு, என் மனைவி மினுக்கின புளியை இவர்கள் புகழ்கிறார்கள். அது எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

மேசைக்குத் திரும்பி வந்து, "மேடம், அது மண்ணில்லை, புளி" என்றேன். நான் வாயைத் திறக்கவும் தலைக்கு மேலே ரயில் வந்தது. போத்தல்கள் கிடுகிடுத்தன. ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

ரயில் போய் முடிய அரை நிமிடம் பிடித்தது. அந்த அரை நிமிடமும் முதலாளி என்னையே பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பியபடி நின்றார். ஒருமுறை உண்மை சொல்வது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. வாயில் வந்துவிட்டது, சொல்லிவிட்டேன். அதையே இரண்டாம் முறை, இனிச் சொல்லாமலும் விடலாம் என்று தெரிந்துகொண்டு, சத்தமாகச் சொல்வதுதான் கஷ்டம்.

"என்ன சொன்னீர்கள்?" என்றார் அந்த அம்மா.

"நீங்கள் சொன்ன பழம் வைனில் இல்லை. இந்தப் பாத்திரங்களை மினுக்கிய புளி. என் மனைவி நேற்று மினுக்கினாள். கழுவாமல் நான் கொண்டுவந்துவிட்டேன்."

தாடிக்காரர் குறிப்புப் புத்தகத்தில் மூன்று வரியை நிதானமாக வெட்டினார்.

"உங்கள் மனைவியா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஓம். அவள் நன்றாக மினுக்குவாள்."

அவர் பேணிக்குள் எட்டிப் பார்த்தார். "சரி. கழுவிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

நானும் முதலாளியும் பின்னறைத் தொட்டியில் சுடுதண்ணீரும் சவுக்காரமும் போட்டுக் கழுவத் தொடங்கினோம். தாடிக்காரரும் கைகொடுக்க வந்தார். அவருக்கு அதற்குள் நல்ல குடிவெறி, ஒரு பேணியையே நாலு தரம் கழுவினார். இதற்கிடையில் லூசியன் என்ன நினைத்திருப்பார்? எல்லாரும் சிரித்தார்கள், நான் ஏதோ சொன்னேன், எல்லாரும் மௌனமானார்கள், பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எட்டிப் பார்த்தால் மனிதர் போத்தல்களைப் பெட்டியில் திருப்பி அடுக்குகிறார்.

முதலாளி சவுக்காரக் கையோடு ஓடினார். பலகையில் பிரெஞ்சில் புளி என்று எழுதினார். லூசியன் வாழ்நாளில் புளியைக் கண்டதில்லை. முதலாளி அதைத் துடைத்துவிட்டுப் படம் கீறினார். வளைந்து, முடிச்சு முடிச்சாக, தடிப்பான ஒரு புளியங்காய். அதைப் பார்த்து லூசியனின் முகம் வெளுத்துவிட்டது. தன் வைனில் புழு இருப்பதாக நினைத்துவிட்டார். முதலாளி இல்லை, இல்லை என்று தலையை ஆட்ட, லூசியன் ஒரு போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் புழுவைத் தேட, நான் ஈரப் பேணியோடு நடுவில் நின்று இருவருக்கும் தமிழில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் தமிழில் சொன்னேன் என்று இப்போதும் தெரியாது.

அந்த அம்மா வந்து என் கையிலிருந்த பேணியை வாங்கினார். லூசியன் கையிலிருந்த போத்தலையும் வாங்கித் தானே ஊற்றினார். அண்ணாந்தார். விழுங்கினார். மறுபடி ஊற்றினார். மூன்று தரம். லூசியன் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"பழம் போய்விட்டது" என்றார் அந்த அம்மா.

முதலாளி பலகையைத் துடைக்கத் தொடங்கினார்.

"நல்லது. அது குறுக்கே நின்றுகொண்டிருந்தது" என்றார். பிறகு லூசியனைப் பார்த்து இங்கிலிசில் மெதுவாகச் சொன்னார்: "மூன்று வருடமாக நான் இதைத் துப்பியிருக்கிறேன். என்னை மன்னிக்க வேண்டும்." என் பக்கம் திரும்பி, "நான் சொன்னது சொன்னதுதான். இருப்பது முழுவதும். அடுத்த வருடத்தினதையும் ஆரிடமும் கொடுக்க வேண்டாம்" என்றார். தாடிக்காரர் தனக்கும் வேண்டும் என்று கத்தினார். ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை.

முதலாளி அவ்வளவையும் பலகையில் எழுதினார். எழுத இடம் போதாமல் பலகையின் பின்பக்கமும் எழுதினார். லூசியன் ஒரு பக்கத்தை வாசித்து, மறுபக்கத்தை வாசித்து, திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். துள்ளவில்லை, ஆரையும் கட்டிப்பிடிக்கவில்லை. நேரே போய் மேசைக்குக் கீழே இருந்த துப்பும் வாளியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே காய்ந்து கிடந்தது. வருடா வருடம் அந்த வாளியை நிரம்ப நிரம்ப வெளியே கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றியவர் அவர்தான். இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அந்த வெறும் வாளியை என்னிடம் நீட்டி ஏதோ கேட்டார். விளங்காவிட்டாலும் விளங்கியது. அண்ணாந்து குடித்தால் துப்ப ஏலாது என்று கையால் காட்டினேன். மனிதர் மீசையெல்லாம் ஆடச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

இதிலிருந்து நீங்கள் என்ன படிக்க வேண்டும்? பெட்டியைத் திறந்து பார்த்து ஏற்றுங்கள், அது ஒன்று. உங்கள் வாடிக்கையாளர் ஒரு வைனைப் புகழும்போது, அவர் புகழ்வது வைனைத்தானா என்று ஒருமுறை யோசியுங்கள். வேறு ஏதாவதாக இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வெட்கமாக இருக்கும், முதலாளி கையைக் கூப்புவார், மேலே ரயில் போகும். அது போய் முடிந்த பிறகும் சொல்லுங்கள். இன்னொன்று, மாலையில் பேணிகளை எண்ணிப் பார்க்கப் பதின்மூன்றுதான் இருந்தன. அந்த அம்மா ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அது கனகம் அக்காவினது. அந்த நெருக்கடியை நான் எப்படிச் சமாளித்தேன் என்பதை எழுத மாட்டேன், ஏனென்றால் சமாளிக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் லூசியனைச் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி மறித்தோம். சரசு கட்டித் தந்த மரக்கறிச் சோறு இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு முதலாளியிடம் படபடவென்று ஏதோ சொன்னார். அத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. முதலாளி எனக்காகப் பலகையில் எழுதினார்: "கொடிகள் ஒன்றையும் இந்த மாரிக்கு இன்னும் கத்தரிக்கவில்லையாம். மச்சானுக்காக ஏன் கத்தரிக்க வேண்டும் என்று விட்டுவிட்டு வந்தாராம். துளிர் விடுவதற்குள் நாலு ஏக்கரும் முடிக்க வேண்டுமாம்."

நாங்கள் சோற்றுப் பார்சலை வானுக்குள் வைத்தோம். அவர் கோட்டைக் கழற்றாமலே ஏறி, அடுத்த கப்பலைப் பிடிக்க டோவர் பக்கம் திருப்பினார்.